நான்காம் குரலின் கரகரப்பு: பழைய ஜூனோ-106ஐப் பழுதுபார்ப்பதா, விற்பதா?

பினாங்கின் ஆயர் ஈத்தாமில் மாமா வீட்டு அலமாரியின் மேல் பதினெட்டு ஆண்டுகளாக ஒரு ரோலண்ட் ஜூனோ-106 கிடந்தது. உறை கிடையாது. மேலே ஒரு பழைய கைலியைப் போர்த்தியிருந்தார்கள். சென்ற மாதம் வீட்டுக்குச் சாயம் பூச வேண்டும் என்று அத்தை அதை இறக்கச் சொன்னார். இறக்கிய அன்று மாலையே கோலாலம்பூரிலிருந்து ஒருவர் மாமாவைக் கைப்பேசியில் அழைத்து, "வேலை செய்கிறதோ இல்லையோ, இருக்கிறபடியே எடுத்துக்கொள்கிறேன்" என்று ஒரு விலை சொன்னார். மாமா என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, இத குடுத்துரலாமா, இல்ல செஞ்சு வச்சுக்கலாமா? நீதான இந்த மாதிரி சாமானப் பத்தி எழுதுற."

நான் இரண்டு வாரம் கேட்டேன். அந்த இரண்டு வாரத்தில் இந்தக் கருவியை வாசித்தேன், திறந்தேன், பழுதுபார்க்க உதவினேன், புதிய மாற்றுக் கருவிகளோடு ஒப்பிட்டும் பார்த்தேன். பழைய சிந்தசைசர் ஒன்று உங்கள் வீட்டிலும் கிடந்தால் இந்த விமர்சனம் உங்களுக்குப் பயன்படும்.

என்ன கருவி இது?

ஜூனோ-106 வெளிவந்த ஆண்டு 1984. ஜப்பானில் அதன் விலை 139,000 யென். 61 விசைகள். ஒரே நேரத்தில் ஆறு சுரங்கள் ஒலிக்கும். நாமே அமைத்த 128 ஒலிகளைச் சேமிக்கலாம். எடை ஏறத்தாழ பத்துக் கிலோ. அதற்கு முந்தைய ஆண்டு வந்த யமஹா டிஎக்ஸ்7 மணியோசை போன்ற துல்லியமான டிஜிட்டல் ஒலியால் உலகத்தையே தன் பக்கம் திருப்பியிருந்த நேரம் அது. ஜூனோ அனலாக் வழியிலேயே நின்றது. ஆனால் ஒரு முக்கியமான இடத்தில் டிஜிட்டலின் துணையை நாடியது. சுருதியை ஒரு டிஜிட்டல் கடிகாரத்திடம் ஒப்படைத்தது.

நம் ஊர் மேடைக்கு அந்த ஒரு மாற்றம் எவ்வளவு பெரியது என்பதை மாமாவிடம்தான் கேட்க வேண்டும். பழைய அனலாக் கருவிகள் சூடேறினால் சுருதி விலகும். செபராங் பிறையில் தகரக் கொட்டகைக்குள் கல்யாணக் கச்சேரி. நாலு பக்கமும் விளக்கு, பின்னால் ஜெனரேட்டர். அந்தப் புழுக்கத்தில் பாடகர் ஒரு சுருதியிலும் கீபோர்டு இன்னொரு சுருதியிலும் போனால் கூட்டம் விட்டு வைக்காது. "இது மட்டும் ஒரு நாளும் சுருதி மாறுனதில்ல" என்றார் மாமா. 1987இல் பழையதாகவே வாங்கி, இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் வரை இன்னிசைக் குழுவில் வாசித்திருக்கிறார். புன்னகை மன்னன், விக்ரம் என்று 1986 படங்களிலிருந்து சிந்தசைசர் இசை கேட்டுப் பழகிய கூட்டம், மேடையிலும் அதே மாதிரி ஒலியை எதிர்பார்த்த காலம் அது.

வாசித்துப் பார்த்தபோது

மின்சாரம் கொடுக்கும் முன் பின்பக்க ஒட்டுத்தாளைப் பார்த்தேன். 240 வோல்ட் என்று இருந்தது. இதை முதலில் பார்க்காமல் செருகாதீர்கள். ஜப்பானிலிருந்து நேராக வரும் பழைய கருவிகள் 100 வோல்ட்டுக்கு உரியவை. நம் சுவர்ச் சாக்கெட்டில் செருகினால் அதோடு கதை முடிந்தது. அவற்றுக்கு மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

திரை ஒளிர்ந்தது. சேமித்த ஒலிகள் அத்தனையும் தாறுமாறாகக் கிடந்தன. உள்ளே நினைவகத்தைத் தாங்கும் சிறு பேட்டரி செத்திருக்கிறது என்பது அதன் பொருள். பரவாயில்லை. ஜூனோவின் அழகே, நினைவகம் இல்லாவிட்டாலும் ஒலியைக் கையால் கட்டிவிடலாம் என்பதுதான். முகப்பில் இடமிருந்து வலமாக நழுவு பிடிகள் வரிசையாக நிற்கின்றன. அலையை உண்டாக்கும் பகுதி, அதை வடிகட்டும் ஃபில்டர், ஒலியின் ஏற்ற இறக்கத்தைத் தீர்மானிக்கும் பகுதி, கடைசியில் கோரஸ். மெனு கிடையாது. கண்ணால் பார்ப்பதே காதில் விழும். பத்து நிமிடம் தொட்டுப் பார்க்கும் பிள்ளை, சிந்தசைசர் என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ளும். அந்த வகையில் இதைவிட நல்ல ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

ஒலியின் உயிர் கோரஸ் பொத்தானில் இருக்கிறது. ஒலியை மிகச் சிறிது தாமதப்படுத்தி, அந்தத் தாமதத்தை மெல்ல அலையவிட்டு, மூல ஒலியோடு சேர்க்கும் சுற்று அது. உள்ளே இருக்கும் சிப்புகள், தீப்பிடித்த வீட்டுக்கு ஊரே வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீரைக் கைமாற்றுவது போல, மின்னூட்டத்தை ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குக் கடத்திக்கொண்டே போகும். பொத்தானை அழுத்தும் வரை ஒற்றையாக, மெலிந்து நிற்கும் ஒலி, அழுத்தியதும் இரண்டு பக்கமும் விரிகிறது. பத்து வயலின்கள் சேர்ந்து வாசித்தால் எப்படி ஓர் அசைவு இருக்குமோ அந்த அசைவு. அப்போது பின்னணியில் லேசான இரைச்சலும் சேர்ந்து கேட்கும். அது பழுதல்ல, அந்தச் சுற்றின் இயல்பு. அதைப் பழுது என்று நினைத்துக் காசு செலவழிக்காதீர்கள்.

குறைகளும் உண்டு. விசையை மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே சத்தம்தான். விரலின் அழுத்தத்தை இந்தக் கருவி அறியாது. பியானோ, தபேலா போன்ற பதிவு செய்த ஒலிகள் இதில் இல்லை. விசைப்பலகையை இரண்டாகப் பிரித்து இடக்கைக்கு ஓர் ஒலி, வலக்கைக்கு ஓர் ஒலி என்று வைக்க முடியாது. முந்தைய ஜூனோ-60இல் இருந்த, விரலை வைத்தால் சுரங்களைத் தானே வரிசையாக ஓட்டும் வசதி இதில் எடுக்கப்பட்டுவிட்டது.

கரகரப்பைத் தேடி

மூன்றாம் நாள், கோரஸை அணைத்துவிட்டு நிதானமாக வாசித்தபோது அது கேட்டது. சில சுரங்கள் எண்ணெயில் தண்ணீர் தெறித்த மாதிரி பொரிந்தன. சில நேரம் விரலை எடுத்த பிறகும் ஒலி முழுதாக அடங்கவில்லை. எந்த விசை என்று குறித்து வைத்தால், அடுத்த முறை அதே விசை சுத்தமாக ஒலிக்கிறது, வேறொன்று பொரிகிறது.

"அது ரொம்ப நாளாவே அப்டித்தான். கட்டைய எல்லாம் கழட்டிக் கழட்டித் துடைச்சுப் பாத்துட்டேன்" என்றார் மாமா.

மாமா ஆண்டுக்கணக்கில் துடைத்தது தவறான இடம். பல குரல் கருவியைச் சோதிக்க ஒரே ஒரு விதியை மனதில் வைத்தால் போதும். விசையின் நோய் இருந்த இடத்திலேயே இருக்கும். குரலின் நோய் இடம் மாறும். ஜூனோவுக்குள் ஆறு குரல்கள். நாம் விசைகளை அழுத்த அழுத்த, முறை வைத்து ஒவ்வொன்றும் பாட வருகிறது. ஆறு பேரில் ஒருவருக்குத் தொண்டை கட்டியிருந்தால், எந்த விசை அவர் முறைக்கு வருகிறதோ அந்த விசை கரகரக்கும்.

யாருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று கண்டுபிடிக்க, கருவியிலேயே வழி இருக்கிறது. கீ டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்தால் சோதனை நிலைக்குப் போகும். பிறகு ஒவ்வொரு விசையை அழுத்தும்போதும், பாடுவது எத்தனையாவது குரல் என்பதை 1 முதல் 6 வரையிலான எண்ணாகத் திரை காட்டும். அரை மணி நேரம் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தோம். 1, 2, 3 சுத்தம். 4 பொரிகிறது. 5, 6 சுத்தம். மாமா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். இருபது ஆண்டுச் சந்தேகம் ஓர் எண்ணில் வந்து நின்றது.

உள்ளே என்ன நடந்தது?

ஒவ்வொரு குரலுக்கும் 80017ஏ என்று பெயரிட்ட ஒரு சிறு தொகுப்பு இருக்கிறது. அந்தக் குரலின் ஃபில்டரும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பகுதியும் அதற்குள்ளேதான். பாதுகாப்புக்காக அதன் மேல் கறுப்புப் பிசின் பூசியிருக்கிறார்கள். நாற்பது ஆண்டு வயதில் அந்தப் பிசின் தன் இயல்பு மாறி, மின்சாரம் கசிவதற்கு மெல்லிய வழிவிடுகிறது. கசிவு வந்தால் பொரியும், அடங்காது, சில வேளை ஒலியே வராது. உலகெங்கும் ஜூனோ-106 வைத்திருப்பவர்கள் அறிந்த முதுமை நோய் இது. மேடைக் கருவி ஒன்று நாற்பது ஆண்டு உழைக்கும் என்று 1984இல் யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். எங்கள் பங்குக்கு நாங்களும் கடற்காற்றும் ஈரப்பதமும் நிறைந்த தீவில், உறையில்லாமல், ஜன்னலோரம் பதினெட்டு ஆண்டு வைத்திருந்தோம்.

திறந்து பார்க்க, பாயான் லெப்பாஸில் முப்பது ஆண்டு வேலை செய்து ஓய்வுபெற்ற ஓர் அண்ணனை அழைத்து வந்தேன். பினாங்கில் பழைய மின்னணுச் சாமான் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வணிக வட்டாரம் தொடங்கியது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை அதே ஆண்டு இங்கே திறந்தது. ஓசாகாவில் இகுதாரோ காகேஹாஷி ரோலண்டைத் தொடங்கியதும் அதே 1972தான். அதற்குப் பிறகு எத்தனையோ தமிழ்க் குடும்பங்களிலிருந்து அக்காமார்களும் அண்ணன்மார்களும் நுண்நோக்கியில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய கம்பிகளைப் பார்த்துப் பார்த்து ஓய்வுபெற்றிருக்கிறார்கள். அந்தக் கண்ணும் கையும் இன்னும் இந்தத் தீவில், நம் பக்கத்து அடுக்குமாடியில் இருக்கின்றன. நம்மில் பலர் போய்க் கேட்பதில்லை.

அண்ணன் போர்டைப் பார்த்ததும் சொன்னார்: "தம்பி, இந்தக் கறுப்பு பூசுறதத்தான் நான் முப்பது வருசமா செக் பண்ணேன். எடுக்கிறதுக்கும் அதே பொறுமை வேணும்."

செய்த வேலை

முதலில் பேட்டரி. நாணய வடிவப் பேட்டரியைப் போர்டிலேயே ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். அதை எடுத்துவிட்டு, கையால் மாற்றக்கூடிய பேட்டரிக் கூடு பொருத்தினார். உங்கள் கருவியில் பழைய ஒலிகள் இன்னும் தங்கியிருந்தால், பேட்டரியைக் கழற்றும் முன் மிடி வழியாகவோ டேப் வெளியீடு வழியாகவோ கணினியில் எடுத்து வையுங்கள். கழற்றிய பிறகு வருந்திப் பயனில்லை.

அடுத்து நழுவு பிடிகள். நகர்த்தினால் கரகரத்தவற்றுக்கு, மின் தொடுமுனைகளுக்கென்றே விற்கும் துப்புரவுத் திரவத்தைச் சில சொட்டு விட்டு நாற்பது ஐம்பது முறை மேலும் கீழும் நகர்த்தினோம். கதவு கிறீச்சிட்டால் அடிக்கும் எண்ணெயை இங்கே அடிக்கக் கூடாது. அது தூசியை ஒட்டவைத்துப் பிடியைக் கெடுக்கும்.

மூன்றாவது, நான்காம் குரல். அந்தத் தொகுப்பைப் போர்டிலிருந்து எடுப்பதுதான் இந்த முழு வேலையிலும் ஆபத்தான கட்டம். பழைய போர்டில் செப்புத் தடங்கள் எளிதில் உரிந்துவிடும். அண்ணன் ஒவ்வொரு காலாகச் சூடாக்கி, ஈயத்தை உறிஞ்சி, அவசரமே இல்லாமல் எடுத்தார். பிறகு அதை மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் அசிட்டோனில் இரண்டு நாள் ஊறவைத்தோம். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அதன் ஆவி தலையைச் சுற்றவைக்கும். வெளித் தாழ்வாரத்தில்தான் குப்பியை வைத்தோம். இரண்டாம் நாள் பிசின் ஊறிப் பிரிந்து, மெல்லிய பல்துலக்கியால் வருடியதும் விட்டுப் போயிற்று. அடியில் கண்ணுக்கே தெரியாத சிறு பாகங்கள். அழுத்தித் தேய்த்தால் அவையும் சேர்ந்து வந்துவிடும்.

திருப்பி வைக்கும்போது நேராகப் பற்றவைக்காமல் ஒரு சாக்கெட் வைத்து அதில் செருகினார். நாளைக்கு மறுபடி கெட்டால் போர்டைச் சூடாக்காமல் கையால் உருவி எடுக்கலாம். கடைசியில், பழுதுபார்ப்புக் கையேட்டின்படி அந்தக் குரலின் ஃபில்டரையும் ஒலி அளவையும் மற்ற ஐந்தோடு ஒத்துப்போகும்படி அளந்து திருத்தினார். இந்தத் திருத்தத்தைத் தவிர்த்துவிட்டால் குரல் பாடும், ஆனால் கூட்டத்தோடு சேராது.

சோதனை நிலையில் மறுபடி விசைகளை அழுத்தினோம். 4 என்று எண் வந்தது. சுத்தமாகப் பாடியது.

இதுவா, புதியதா?

இந்த ஒலிக்காக மட்டும் பழையதை வைத்திருக்க வேண்டுமா என்று பார்க்க, இரண்டு மாற்றுகளையும் வாசித்தேன். ரோலண்டே 2019இல் வெளியிட்ட ஜேயூ-06ஏ கைப்பையில் அடங்கும் சிறு பெட்டி. ஜூனோ-60, 106 இரண்டின் ஒலியையும் டிஜிட்டல் முறையில் தருகிறது. பாட்டுக்கு நடுவில் கேட்டால் பெரும்பாலோர் வேறுபாடு சொல்ல முடியாது. ஆனால் நான்கு குரல்தான். பிடிகளும் மிகச் சிறியவை, மாமாவின் விரலுக்கு அடங்கவில்லை. பெரிங்கர் டீப்மைண்ட் 12 அனலாக் வகை, பன்னிரண்டு குரல், விரலின் அழுத்தத்தையும் உணர்கிறது. வசதியில் அதுவே முந்துகிறது. ஆனால் அதில் பல வேலைகளைத் திரைக்குள் போய்த்தான் செய்ய வேண்டும். பழைய ஜூனோவில் கையை வைத்ததும் வரும் அந்த உடனடித்தன்மை அதில் எனக்குக் கிடைக்கவில்லை.

கணக்கு

இனி மாமாவின் கேள்வி. "இருக்கிறபடியே எடுத்துக்கொள்கிறேன்" என்பவர் எதற்கு விலை கொடுக்கிறார்? உள்ளே என்ன கெட்டிருக்கிறது என்று நமக்குத் தெரியாது என்பதற்கு. ஒரு எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம், இது சந்தை நிலவரமல்ல. நன்றாக வேலை செய்யும் கருவி 100 வெள்ளி பெறும் என்றால், 'பழுது, காரணம் தெரியாது' என்ற கருவிக்கு 40 கேட்பார்கள். 'நான்காம் குரல் மட்டும் கெட்டது, மற்றவை சுத்தம், ஒலிப்பதிவும் தருகிறேன்' என்று சொன்னால் அதுவே 65 ஆகலாம். நடுவில் இருக்கும் 25 வெள்ளிக்கு நாம் செய்தது அரை மணி நேரச் சோதனை மட்டுமே. ஆகவே விற்பதானாலும் வைத்துக்கொள்வதானாலும் முதல் வேலை நோயை அறிவதுதான். முடிவு அதற்குப் பிறகு தானே தெளியும்.

பழுதுபார்க்கச் சொல்லும் அறிகுறிகள்: ஒன்றிரண்டு குரல்கள் மட்டும் கெட்டிருப்பது, மின்சாரம் சரியாகப் போவது, போர்டில் துரு இல்லாமல் இருப்பது, முக்கியமாக, வீட்டில் இதை வாசிக்க ஒருவர் இருப்பது. ஸ்டுடியோ வைத்திருக்கும் இளைஞர்களுக்கு இது இன்றும் உழைக்கும் கருவி.

விற்கச் சொல்லும் அறிகுறிகள்: மூன்று நான்கு குரல்கள் போயிருப்பது, யாரோ ஏற்கெனவே திறந்து தடங்களை உரித்திருப்பது, அல்லது உங்களுக்கு வேண்டியது மேடைக் கருவியாக இருப்பது. கல்யாண மேடைக்குப் புதிய கீபோர்டே நல்லது. அசிட்டோனில் தப்பாத தொகுப்புகளுக்குப் பதிலாகப் புதிதாகச் செய்த மாற்றுத் தொகுப்புகள் வெளிநாட்டிலிருந்து கிடைக்கின்றன. ஆனால் ஆறையும் மாற்றும் செலவு, கூலி, தபால் கட்டணம் எல்லாம் சேர்ந்து, விற்றால் வரும் லாபத்தைத் தின்றுவிடும். அப்படிப்பட்ட கருவியை உண்மையைச் சொல்லி, செய்து வாசிக்கக்கூடியவர் கையில் கொடுங்கள். லோரோங் குலிட் பழைய சாமான் சந்தையில் தரையில் விரித்துப் போட்டு, மழைக்கு நனையவிடாதீர்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, நான்காம் குரல் போன வயதிலேயேதான் மற்ற ஐந்தும் இருக்கின்றன. ஒன்றைச் சரிசெய்தால் எல்லாம் தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். இரண்டு, பழுதுபார்த்த கருவி வாசிக்கப்பட வேண்டும். நம் ஈரக்காற்றில் சும்மா கிடப்பதைவிட, வாரம் ஒரு முறை சூடேறி ஓடுவது அதற்கு நல்லது.

முடிவு

ஒலிக்கும் கற்றுக்கொள்வதற்கும் இதற்கு முழு மதிப்பெண் தருவேன். மேடைப் பயன்பாட்டுக்குப் பாதிதான். சரியான கையில், ஒரு குரல் கெட்ட ஜூனோ-106 பழுதுபார்க்கத் தக்கது.

மாமா கோலாலம்பூர்க்காரரிடம் விற்கவில்லை என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை மாலைகளில் என் தங்கை மகள் வந்து அதன் பிடிகளை நகர்த்திக்கொண்டிருக்கிறாள். மாமா பக்கத்தில் உட்கார்ந்து கோரஸ் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று சொல்லித் தருகிறார்.

அண்ணன் கருவியை மூடும் முன் ஒரு காகிதம் கேட்டார். நான்காம் குரல், பிசின் எடுத்தது, சாக்கெட் வைத்தது, பேட்டரி மாற்றியது, தேதி என்று ஒவ்வொன்றாகத் தன் கையெழுத்தில் எழுதினார். அதைக் கருவியின் உட்புறம் ஒட்டிவிட்டுத் திருகாணிகளை முடுக்கினார். "அடுத்து இதைத் தெறக்குறவன் ஒண்ணும் தெரியாம ஆரம்பிக்க வேணாம் பாரு" என்றார்.